சுருள் தருவதும் தராததும்

மின்சாரத்தைப் பற்றித் தமிழ் பயிலும் மாணாக்கர் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். பௌதிக வகுப்பினர் எழுதவேண்டியதை இவர் ஏன் எடுத்துக்கொண்டனர் என வினவுவாரும் உளர். பொருள் பௌதிகத்தினதேயாயினும், அதனை அறியாமையால் வரும் இழப்பு தமிழ் பேசும் எளிய மக்களைச் சார்கின்றது. ஆதலின் அதனைத் தமிழில் விளங்க உரைத்தல் நமக்கும் உரிய கடனென்பது எம் கருத்து.

யாம் எடுத்துக்கொண்ட பொருள், இரட்டைக் கம்பியாற் சுற்றிய தட்டைச் சுருள். நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர் 1894ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்க நாட்டில் இத்தகைய சுருளுக்குக் காப்புரிமை பெற்றார். காப்புப் பூச்சுடைய இரு கம்பிகளை அருகருகே வைத்து, சுருட்டிய பாயின் ஓரம் தோன்றுமாறுபோல ஒரே தளத்திற் சுற்றி, முதற்கம்பியின் முடிவை இரண்டாங்கம்பியின் தொடக்கத்தோடு இணைத்தால் அச்சுருள் அமையும். நம் ஆய்வுசாலையிலுள்ள மின்தடைப் பெட்டிக்குள்ளும் இரட்டித்த கம்பி உண்டு. ஆனால் அங்கே மின்னோட்டம் ஒன்றிற் சென்று மற்றதில் எதிர்முகமாக மீள்வதாற் காந்த விளைவு ஒழிகின்றது. தெஸ்லாவின் சுருளிலோ இரு கம்பியிலும் ஓட்டம் ஒரே திசையிற் சுற்றும். இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

எந்தச் சுருளிலும் அடுத்தடுத்த இரு சுற்றுகள், இடையே காற்றோ பூச்சோ நிற்க, ஒரு சிறு மின்தேக்கி போலாகின்றன. சுருளுக்கு இயல்பாக அமைந்த இத்தன்மையைத் தன்மின்தேக்கம் என்போம். தெஸ்லா காட்டிய கணக்கு இது: ஆயிரம் சுற்றுடைய சாதாரணச் சுருளின் முனைகளுக்கிடையே 100 வோல்ட் அழுத்தம் இருப்பின், அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே 0.1 வோல்ட்டே நிற்கும். இரட்டைச் சுருளிலோ 50 வோல்ட் நிற்கும். தேங்கும் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், அது 2,50,000 மடங்காகும். தன்தூண்டலை ஈடுசெய்தற்கு விலைமிகுந்த தனி மின்தேக்கிகள் வேண்டாமற்போகும் என்பதே அவர் கூறிய பயன்.

தூண்டலும் தேக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் அதிர்வெண்ணில் நிகழ்வது ஒத்ததிர்வு. யாழின் ஒரு நரம்பை இசைக்க, அதற்கு இயைந்த மற்றொரு நரம்பு தானே அதிர்வதும் இவ்வகையினதே. தேக்கம் நான்கு மடங்காயின் ஒத்ததிரும் அதிர்வெண் பாதியாகும். ஆகவே இரட்டைச் சுருள், அதே அளவினதாகிய ஒற்றைச் சுருளினும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றது. இது குணமோ குற்றமோ என்பது வேண்டுவோரைப் பொறுத்தது. சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கிய 1924ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வானொலிக் கருவி செய்வோர் தன்மின்தேக்கத்தைக் குற்றமாகவே கருதினர். சுற்றுகள் நெருங்காதிருத்தற்பொருட்டுத் தேன்கூடு போலவும் கூடை போலவும் கம்பியைப் பின்னினர். அவர் அஞ்சியதையே தெஸ்லா வேண்டிப் பெற்றார்.

இனி, எம்மை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். 2,50,000 மடங்கு என்னும் எண்ணைப் பற்றிக்கொண்டு, இச்சுருள் செலவின்றி மின்சாரம் சுரக்குமென்று சாதிப்பார் பலர் உளர். அவ்வெண் அடுத்தடுத்த சுற்றுகளிடைத் தேக்கத்தை மட்டும் ஒப்பிடுவது. சுருள் முழுமைக்கும் உரிய அளவன்று. அதனினும் பெரும்பிழை, தேங்குதலையும் பிறத்தலையும் ஒன்றாகக் கொள்வதாகும். காலமறிந்து தள்ளினால் சிறுகையும் ஊஞ்சலைப் பேராட்டம் ஆட்டும். ஆயினும் அவ்வாட்டத்திலுள்ள சக்தி தள்ளிய கை தந்ததே. அதிலும் காற்றும் உராய்வும் கொண்டது போக எஞ்சியதே. ஒத்ததிரும் சுருளும் அத்தகையது. மின்மூலம் கொடுத்ததைத் தேக்கி, மீண்டும் மீண்டும் திருப்பித் தருவதன்றி, அது தானாக ஒன்றையும் ஈனாது.

இவ்வறியாமை வீண்பேச்சோடு நின்றுவிடின் நாம் நகைத்து அமையலாம். அஃது ஏழையின் பணத்தையும் கவர்கின்றது. சென்ற விடுமுறையில் பழவேற்காட்டை அடுத்த காட்டூரில் ஒரு மீனவர் இல்லத்தில், மின்கட்டணத்தைப் பாதியாகக் குறைக்குமென்று சொல்லி விற்கப்பட்ட சிறு பெட்டியொன்றைக் கண்டோம். திறந்து பார்க்க, உள்ளே இருந்தவை ஒரு மின்தேக்கியும் ஒரு சிறு விளக்குமே. தூண்டல் மிக்க கருவிகள் வாங்கித் திருப்பும் மின்னோட்டத்தை அத்தகைய தேக்கி ஓரளவு ஈடுசெய்யும் என்பது மெய். ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடுவது உண்மையிற் செலவாகும் சக்தியையே. ஆதலிற் கட்டணம் குறைவதில்லை. அவ்வில்லத்து அம்மையார், “கரண்டைத் தேக்கி வெச்சுக் கொடுக்கும்னு சொன்னாங்க தம்பி” என்றார். யாம் ஏரியைக் காட்டினோம். கடல் ஏறும்போது முகத்துவாரத்தின் வழியே நீர் ஏரிக்குள் புகுகின்றது. வற்றும்போது அவ்வழியே மீள்கின்றது. ஏரி எத்துணை அகன்றதாயினும் கடலின் நீரைப் பெருக்குமோ என்று வினவினோம். “உள்ளே வந்த தண்ணிதானே வெளியே போவும்” என்று அவரே முடித்துவிட்டார். பௌதிகத்தின் பெருவிதியொன்று, ஒரு வாக்கியத்தில் அவர் வாயினின்றே பிறந்தது.

தமிழிற் சொல் இல்லையே என்பார்க்கு இதனையே விடையாகக் கூறுவோம். சொல் உண்டு. சொல்லினும் மேலாக, கேட்போர் வாழ்க்கையிலிருந்து எடுத்த உவமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மிஷன் மருத்துவராகிய கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்றவர். அவர்கள் சென்ற நெறி நமக்கு அடைபட்டுவிடவில்லை. விற்பவன் தமிழில் இனிக்கப் பேசுகின்றான். உண்மை அறிந்தவர் ஆங்கிலத்தில் எழுதி அமைகின்றனர். காட்டூரார் யார் சொல்லை நம்புவர்?

ஆதலின் யாம் வேண்டுவது ஒன்று. விடுமுறைதோறும் பௌதிக மாணாக்கர் ஒருவரும் தமிழ் மாணாக்கர் ஒருவரும் இணைந்து, மக்கள் ஏமாறும் பொருளொன்றைக் குறித்து இரண்டு பக்க அளவில் தமிழில் எழுதுக. அச்சிடுமுன் ஓர் ஊரிற் படித்துக் காட்டுக. அங்கே விளங்காத சொல்லை நீக்குக. ஆசிரியப் பெருமக்கள் பிழை திருத்தி உதவுக. இரு கம்பி அருகருகே நின்று ஒரே திசையிற் சுற்றினாலன்றி அச்சுருளின் பயன் கிட்டாது. நம் இரு வகுப்பினர்க்கும் அதுவே பொருந்தும்.