வீடு இருக்கிறது, நிலம் இல்லை: தங்கவயலில் கட்டட அனுமதிக்கு முன் நிற்கும் கேள்வி

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் தங்கவயலில் சொந்த வீடு கட்ட விரும்பும் இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ராபர்ட்சன்பேட்டையில் பத்திரப்பதிவு செய்யப்பட்ட மனை இருக்கிறது. மற்றொரு குடும்பம் சாம்பியன் ரீஃப் பகுதியின் லைன் வீடு ஒன்றில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. முதல் குடும்பத்துக்குக் கட்டட அனுமதி என்பது சில ஆவணங்களும், கட்டணமும், காத்திருப்பும் சார்ந்த விஷயம். இரண்டாவது குடும்பத்தால் விண்ணப்பத்தின் முதல் கட்டத்தைக்கூட நிரப்ப முடிவதில்லை. நிலத்தின் உரிமையாளர் யார் என்பதே அந்தக் கட்டத்தில் கேட்கப்படும் கேள்வி.

தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இக்கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. சயனைடு மேடுகள் எனப்படும் சுரங்கக் கழிவு மண் மேடுகளை ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவு தெரிவித்தது. அதனால், நிலத்தின் எதிர்காலம் குறித்த விவாதத்தில் குடியிருப்புகளின் நிலையும் மீண்டும் முன்னுக்கு வந்துள்ளது.

விண்ணப்பம் தொடங்கும் இடம்

நகரசபை எல்லைக்குள் வீடு கட்டுவதற்கு 1964-ஆம் ஆண்டின் கர்நாடக நகராட்சிகள் சட்டப்படி முன் அனுமதி பெறுவது கட்டாயம். பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டட வரைகலைஞர் தயாரித்த வரைபடத்துடன், உரிமைப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, 'காத்தா' எனப்படும் சொத்துப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மனை அமைந்துள்ள மனைப்பிரிவு திட்டக் குழுமத்தின் ஒப்புதல் பெற்றதா என்பதும் சரிபார்க்கப்படும். சாலையிலிருந்தும் பக்கத்து மனைகளிலிருந்தும் விட வேண்டிய இடைவெளி, கட்டடத்தின் உயரம், மழைநீர் சேகரிப்பு ஆகியவை அதன் பிறகே பரிசீலனைக்கு வருகின்றன.

கட்டுமானச் செலவு குறிப்பிட்ட வரம்புக்கு மேற்படாத சொந்தக் குடியிருப்புகளுக்கு, கட்டுமானத் தொழிலாளர் நல வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் இத்தகைய சலுகைகள் அனைத்தும் உரிமைப் பத்திரம் என்ற வாசலைக் கடந்தவர்களுக்கே பயன்படுகின்றன. விண்ணப்பம் இணையவழிக்கு மாறியதால் அலைச்சல் குறைந்திருக்கலாம். எனினும், ஆவணம் இல்லாதவரின் விண்ணப்பத்தை அலுவலரைப் போலவே கணினியும் ஏற்பதில்லை. படிவங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்கள் இடைத்தரகர்களைச் சார்ந்திருக்கும் நிலையும் உள்ளது.

ஒரே ஊருக்குள் இரு ஊர்கள்

இந்த வேறுபாட்டின் வேர் ஊரின் வரலாற்றில் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் விரிவடைந்தன. வட ஆர்க்காடு, சித்தூர் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர்கள் பெருமளவில் குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம், கோரமண்டல் ஆகிய இடங்களில் நிறுவன நிலத்தில் வரிசை வரிசையாக எழுப்பப்பட்ட சிறு குடியிருப்புகளே 'லைன்' என்று பெயர் பெற்றன. வேலை இருக்கும் வரை வீடு என்பதே அவற்றின் அடிப்படை. மறுபுறம் ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் தனியார் மனைகளும் கடைவீதிகளும் கொண்ட நகரங்களாக வளர்ந்தன.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை அரசுடைமையாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (பி.ஜி.எம்.எல்.) தொடங்கப்பட்டது. நட்டத்தைக் காரணம் காட்டி 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். வேலை முடிந்ததே தவிர, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறவில்லை. வெளியேறிச் செல்ல வேறு ஊர் அவர்களுக்கு இல்லை என்பதே உண்மை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

நிலமோ மத்திய அரசு நிறுவனத்தின் பெயரில் தொடர்கிறது. இத்தகைய நிறுவனங்களின் இடங்கள் 1971-ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. உரிய அனுமதியின்றி அங்கு வசிப்போரை வெளியேற்ற அச்சட்டம் வழிவகுக்கிறது. எனவே, குடியிருப்புகளைச் சொந்தமாக்கித் தரவேண்டும் என்ற முன்னாள் தொழிலாளர்களின் கோரிக்கை பாதுகாப்பு சார்ந்த கோரிக்கையும் ஆகும். சுரங்கங்களை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி வாயிலாக ஒப்படைக்க உச்சநீதிமன்றம் 2013 ஜூலையில் அனுமதி அளித்தது. அதன் பின்னரும் நிலம் குறித்த இறுதி முடிவு நீண்டுகொண்டே செல்கிறது.

'பி' காத்தா தீர்வாகுமா?

அங்கீகாரமற்ற மனைகளையும் கட்டடங்களையும் வரி வளையத்துக்குள் கொண்டுவரும் நோக்கில், நகர்ப்புற உள்ளாட்சிகளில் 'பி' காத்தா வழங்கும் இயக்கத்தை 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அறிவித்தது. ஒப்புதலற்ற மனைப்பிரிவுகளில் பத்திரம் வைத்திருப்போருக்கு இது ஓரளவு நிம்மதி அளித்தது. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, காத்தா என்பது வரி செலுத்துவதற்கான பதிவே. அது உரிமைப் பத்திரத்துக்கு மாற்று ஆகாது. இரண்டாவதாக, இத்திட்டம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. நிறுவன நிலத்தில் உள்ள லைன் வீட்டுக்கு அத்தகைய பத்திரமே இல்லை.

நகர்ப்புறங்களில் அரசு நிலத்தில் வீடு கட்டி வாழ்வோருக்கு உரிமை வழங்க, கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 94-சிசி பிரிவு வழிவகுக்கிறது. அதுவும் மாநில அரசின் நிலத்துக்கே பொருந்தும். மத்திய அரசு நிறுவனத்தின் நிலத்தை மாநில வருவாய்த் துறை தானாகப் பட்டா செய்துவிட முடியாது. ஆக, மாநிலத்தின் கையில் சட்டம் இருக்கிறது, மத்திய அரசின் கையில் நிலம் இருக்கிறது. இரண்டும் சந்திக்காத இடத்தில் மக்கள் இருக்கின்றனர்.

அனுமதியின்மையின் விலை

அனுமதியின்றிக் கட்டினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். நடைமுறையில் பலர் ஓர் அறையைச் சேர்ப்பதும், தகரக் கூரையை மாற்றுவதும், கழிவறை அமைப்பதும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதற்கான விலை ஆண்டுதோறும் கூடி வருகிறது.

கட்டட விதிமீறல் தொடர்பான வழக்கு ஒன்றில் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நிறைவுச் சான்று இருந்தால் மட்டுமே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை வழங்க வேண்டும். சான்றுகளைச் சரிபார்த்த பின்னரே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் அளிக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. இதன் தாக்கம் சிறு வீடுகளின் மீது விழுந்ததால், பெங்களூரில் 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டப்படும் வீடுகளுக்குக் குடியேற்றச் சான்றிலிருந்து மாநில அரசு 2025-இல் விலக்களித்தது. அத்தகைய விலக்கு இறுதிச் சான்றின் சுமையைக் குறைக்குமே தவிர, முதல் படியான நில உரிமையை உருவாக்கித் தராது.

அரசு மானியத்திலும் இதே நிலைதான். 2024-இல் ஒப்புதல் பெற்ற பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், சொந்த நிலத்தில் வீடு கட்டும் ஏழைக் குடும்பங்களுக்கு 2.50 லட்சம் ரூபாய் வரை உதவி வழங்கப்படுகிறது. நிலமற்றோருக்கு மாநில அரசுகள் நில உரிமை வழங்கி அவர்களையும் சேர்க்கலாம். லைன் குடும்பம் வருமான வரம்புக்குள் இருக்கலாம், வேறு எங்கும் வீடு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நிலம் தன்னுடையது என்று காட்ட இயலாததால் மானியப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

காலுக்குக் கீழே இருக்கும் ஆபத்து

உரிமையை வழங்குவதில் அவசரம் கூடாது என்று வாதிடுவோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்குள்ள சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டவை. அவை மூடப்பட்டு நீர் நிரம்பிய பிறகும் நிலத்தடிப் பாறை அதிர்வுகள் பதிவாகியுள்ளன. 13 சயனைடு மேடுகள் சுமார் 1,003 ஏக்கரில் பரந்துள்ளன. காற்றுக் காலத்தில் அவற்றின் தூசு குடியிருப்புகளின் மீது படிகிறது. மேடுகளைத் தோண்டும் பணி தொடங்கினால் இந்தச் சிக்கல் அதிகரிக்கக்கூடும். எந்த லைன் பாதுகாப்பானது, எது இடம் மாற்றப்பட வேண்டியது என்பதை அறியாமல் பத்திரம் வழங்குவது மக்களுக்கு நன்மையாகாது.

ஆனால் இந்த வாதம் அனுமதி முறையின் தேவையையே வலியுறுத்துகிறது. பாறை இயக்கவியல் தேசிய நிறுவனம் 1988-இல் தொடங்கப்பட்டதே தங்கவயலில்தான். நிலத்தடி அதிர்வு பற்றிய அறிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. வரைபடமும் பொறியாளரின் கையொப்பமும் ஆய்வும் இல்லாமல் சுவர்கள் எழும்பும் இன்றைய நிலையே ஆபத்தானது. மக்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைப்பதால் அவர்களின் வீடுகள் பாதுகாப்பாகிவிடுவதில்லை.

மற்ற மாநிலங்களின் அனுபவம்

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்கு, சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி வழங்கும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. இது காத்திருப்பைக் குறைக்கிறது. ஆனால் தங்கவயலின் சிக்கல் காத்திருப்பு அல்ல.

ஒடிசா 2017-இல் இயற்றிய குடிசைவாழ் மக்களுக்கான நில உரிமைச் சட்டம் இங்கு அதிகம் பொருந்துகிறது. அதன்படி வழங்கப்படும் சான்றை விற்க முடியாது. ஆனால் வாரிசுகளுக்குச் செல்லும், வீட்டுக்கடனுக்காக அடமானமும் வைக்கலாம். நிலம் ஊக வணிகர்களின் கைக்குப் போகாமலும், குடும்பம் வீடின்றிப் போகாமலும் காக்கும் நடுவழி இது. தங்கவயலுக்கு இதைப் பின்பற்ற, குடியிருப்பு நிலங்களை மத்திய அரசு தனியே பிரித்து மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

கழிவு மண்ணில் எஞ்சியிருக்கும் தங்கத்துக்கு மதிப்பு கணக்கிடப்படும் இவ்வேளையில், அதைச் சுற்றியுள்ள லைன் வீடுகளையும் அளந்து, பாதுகாப்பானவற்றைப் பட்டியலிடுவது இயலாத பணியல்ல. ஏலத்தின் நிபந்தனைகள் இறுதியாகும் முன் இது நடந்தால், சுரங்கம் தோண்டியவர்களின் பேரக்குழந்தைகளும் நகரசபையின் விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் தங்கள் பெயரை எழுத முடியும். நடக்காவிட்டால், நிலம் மீண்டும் ஒருமுறை கைமாறும்போது அதன் மீது வாழ்வோர் கணக்கில் இடம்பெறாமல் போகும் அபாயம் உள்ளது.