டிரம்ஸ் ஷோகேஸுக்கா, வாசிக்கவா?

போன வாரம் ரெண்டு பேர் என்னிடம், "உனக்கெல்லாம் யாருய்யா பேங்க்ல வேலை கொடுத்தது?" என்று கேட்டுவிட்டார்கள். ரெண்டு பேருமே பழைய டிரம்ஸ் சேர்க்கிற கலெக்டர்கள். (மாவட்ட கலெக்டர் இல்லை, பயப்படாதீர்கள்!) நான் செய்த குற்றம் இதுதான். ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய ஒரு பழைய ஸ்னேர் டிரம்மை, விற்றவரிடமே அதே ஒன்பதாயிரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "முப்பதாயிரத்துக்குப் போயிருக்குமே" என்பது அவர்கள் கட்சி. நேரில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: டிரம் செட்டில் வாசிப்பவரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஸ்டாண்டில் இருக்குமே, அதுதான் ஸ்னேர். பெரும்பாலும் 14 அங்குல அகலம். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், கீழ்த்தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள். 'டொம்' என்று வரவேண்டிய சத்தத்தை 'டஷ்' என்று ஆக்குவது அந்தக் கம்பிதான்.

மதுரையில் பி.காம். படித்தபோது மெல்லிசைக் குழுவில் வாசித்தவன் நான். பிறகு பேங்க், டிரான்ஸ்ஃபர். லக்னோ, நாக்பூர், இப்போது கொல்கத்தா. ஊர் மாறும்போதெல்லாம் பேக்கர்ஸ் ஆளிடம் "அது ஜாக்கிரதைப்பா" என்று டிரம்ஸ் பெட்டியைக் காட்டுவேன். "என் கிரைண்டரைப் பத்தி ஒரு தடவையாவது இப்படிக் கவலைப்பட்டிருக்கீங்களா?" என்பார் வீட்டம்மா. நியாயமான கேள்விதான்.

இனி அந்த ஸ்னேர். ரிப்பன் ஸ்ட்ரீட் பக்கம் குடியிருக்கும் ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிளுடையது. எழுபது தாண்டியவர், ஒருகாலத்தில் பார்க் ஸ்ட்ரீட் ரெஸ்டாரண்டுகளில் வாசித்தவர். டிரம் 1970களின் லட்விக் அக்ரோலைட். கடையில் காட்டியபோது "இது செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொன்னார்களாம். நம்பி, கைச்செலவுக்கு என்னிடம் விற்றுவிட்டார்.

செத்தெல்லாம் போகவில்லை. நான் செய்தது இவ்வளவுதான்:

1. தோல் இரண்டையும் கழற்றி ஷெல்லைத் துடைத்தேன். கிச்சன் கிரானைட் மேல் கவிழ்த்து, விளக்கை அணைத்து, உள்ளே டார்ச் வைத்துப் பார்த்தேன். விளிம்பில் எங்கும் வெளிச்சம் கசியவில்லை. அதாவது ஷெல் நெளியவில்லை.

2. பல பழைய டிரம்களில் லக்குக்குள் (முறுக்காணி போய் உட்காருகிற கூடு) ஒரு ஸ்பிரிங் இருக்கும். அடிக்கும்போது அது கிணுகிணுக்கும். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தேன், சத்தம் நின்றது.

3. கீழே யாரோ மேல்தோலையே மாட்டியிருந்தார்கள். கொலைக்குற்றம் இதுதான்! சாதாரண மேல்தோல் கால் மில்லிமீட்டர் கனம். கீழே போடவேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மெல்லிசாக இருந்தால்தான் கம்பி பேசும். இரண்டும் புதுசு போட்டேன்.

4. கம்பி வளைந்திருந்தது. புதுசு வாங்கி நட்டநடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பில் கட்டினேன். ரொம்ப முறுக்கினால் டிரம்முக்கு மூச்சு முட்டும்.

5. எதிரும் புதிருமாக ஆணிகளை முறுக்கி, ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும் தட்டிப் பார்த்து ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தேன். கீழ்த்தோல் மேல்தோலைவிடக் கொஞ்சம் இறுக்கம்.

மொத்தச் செலவு 3,400 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செத்ததாகச் சொன்ன டிரம் வீட்டைக் கிடுகிடுக்க வைத்தது. கீழ்வீட்டு தாதா மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது கலெக்டர்களிடம் வருகிறேன். கடைக்காரர் "பழசு, தூக்கிப் போடு" என்கிறார். நீங்கள் "பழசு, தொடாதே" என்கிறீர்கள். இரண்டு பேருமே டிரம்மைக் காதால் கேட்கவில்லை, வயசை மட்டும் பார்க்கிறீர்கள்.

நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் லட்விக் சுப்ராஃபோனிக் இருக்கிறதே, அதன் அலுமினிய ஷெல்லும் இந்த அக்ரோலைட்டின் ஷெல்லும் ஒன்றுதான். அதில் மேலே குரோம், பத்து லக். இதில் குரோம் கிடையாது, எட்டு லக். மாணவர்களுக்கான மாடல் என்று மலிவாக விற்றார்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி பளபளப்புக்குத்தான். அந்தக் குரோமும் அலுமினியத்தில் ஒழுங்காக நிற்காமல் கொப்பளித்து உரியும் என்பது உங்களுக்கே தெரியும்.

சீரியல் நம்பரை வைத்து வருஷம் சொல்கிறீர்கள். அந்தக் கால லட்விக் தொழிற்சாலையில் பேட்ஜை வரிசைப்படி எடுத்து ஒட்டவில்லை. அது செக் புக் நம்பர் இல்லை சாமி.

ரிங்கோ ஸ்டாரின் 1963 லட்விக் செட் 2015 ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்கு மேல் போனதை உதாரணம் காட்டுகிறீர்கள். அந்த விலை ரிங்கோவுக்கு. அவர் அதை அடித்து நொறுக்கி வாசித்ததால் வந்த விலை. ஷோகேஸில் வைத்திருந்தால் ரிங்கோ யாரென்றே நமக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் 'ஒரிஜினல் தோல்' என்கிற வியாதி. ஐம்பது வருஷத் தோல் நைந்து தொங்கும், மாற்றினால் மதிப்பு போய்விடுமாம்! நம் ஊர் மிருதங்கக்காரர்களைக் கேளுங்கள். பலாக்கட்டை தலைமுறை தாண்டி வரும். தோலும் வாரும் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மேல்நாட்டு டிரம்மிலும் கன்றுத்தோல்தான் இருந்தது. மழைக்காலத்தில் தொய்ந்துபோகும். 1957-ல் ரெமோ பெல்லி மைலார் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், எல்லோரும் மாறினார்கள். யாரும் ஒரிஜினல் போச்சே என்று அழவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலெக்டர்கள் இல்லாவிட்டால் இந்த டிரம்களில் பாதி காயலான் கடைக்குப் போயிருக்கும். கண்ட இடத்தில் ஓட்டை போடாதே, கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாதே என்று கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். அதை மீறி நாக்பூரில் ஒரு சுப்ராஃபோனிக்கைக் 'கலெக்டர் தரத்துக்கு' ஆக்குகிறேன் என்று மறுபடி குரோம் பூசக் கொடுத்தேன். பழைய குரோமை எடுக்க ஆசிட்டில் போட்டார்கள், அது அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. நல்லா பேசிக்கொண்டிருந்த டிரம் அது. இப்போது பால்கனியில் துளசித் தொட்டியைச் சுற்றி வளையமாக நிற்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அக்ரோலைட்டைச் சரிசெய்ததும் அங்கிளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்டிக்கை எடுத்தார். இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. கை லேசாக நடுங்குகிறவர், வாசிக்கும்போது நடுங்கவில்லை. முடித்ததும் என்னைப் பார்க்காமல் டிரம்மையே பார்த்து, "இது என் டிரம் இல்லை மேன். என் டிரம் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

பேங்க்காரன் புத்தி உள்ளே முப்பதாயிரம் என்று கணக்குப் போடாமல் இல்லை. போட்டது. இருந்தாலும் டிரம்மைப் பெட்டியில் வைத்து, டாக்சியில் நானே ஏற்றிவிட்டேன். பணம் மாதம் ஆயிரம் என்று ஒன்பது தவணை. வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. என் சர்வீஸில் நான் கொடுத்த லோன்களில் இது ஒன்றில்தான் எனக்குத் துளியும் பயம் இல்லை.

ஊர் விட்டு ஊர் வந்திருக்கும் மக்களே, உங்கள் பரணிலும் ஏதாவது ஒன்று இருக்கும். அப்பாவின் மிருதங்கமோ, அத்தையின் வீணையோ, காலேஜ் கிடாரோ. 'பழசாகிவிட்டது' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 'விலை ஏறும், அப்படியே இருக்கட்டும்' என்று என் நண்பர்கள் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசு தட்டுங்கள்.

டிஸ்கி: முதல் தவணை வந்துவிட்டது. தேதிக்கு இரண்டு நாள் முன்னாடியே!