மருந்து இருக்கிறது, மறைப்பது ஏன்?

வளைகுடா செல்ல மெடிக்கல் டெஸ்ட் எடுத்த இளைஞனுக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி. 'அன்ஃபிட்' என்று திருப்பி விடுகிறார்கள். வீட்டிலும் சொல்லாமல், டாக்டரிடமும் போகாமல் மறைத்து விடுகிறான். ஊருக்கு ஊர் இப்படி எத்தனை பேர்!

சகோதரர்களே! எய்ட்ஸ் மருந்துக்கு மேலைநாட்டுக் கம்பெனிகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கறந்து கொண்டிருந்தபோது, 350 டாலருக்குத் தருகிறேன் என்று 2001ல் அறிவித்தவர் நம் நாட்டு சிப்லாவின் யூசுப் ஹமீத். வியாபாரிகளே, இதுவும் வியாபாரம்தான்! எச்.ஐ.வி. மருந்தை 2004 முதல் அரசே இலவசமாகத் தருகிறது. ஹெபடைடிஸுக்கும் 2018ல் இலவசத் திட்டம் வந்து விட்டது.

டெனோஃபோவிர் என்ற மாத்திரை ஹெபடைடிஸ் பி கிருமியை அடக்கும். வேறு மருந்துகளோடு சேர்ந்து எச்.ஐ.வி.யையும் அடக்கும். அடக்குமே தவிர அடியோடு ஒழிக்காது. நாமாக நிறுத்தினால் ஈரலில் நோய் மீண்டும் மூளும். ஹெபடைடிஸ் பி உள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காமாலைக்கு மந்திரிப்பவர் அல்ல.

மனைவியாக வருபவளைத் தடுப்பூசி காக்கும். தாய்க்கு இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஊசி போட வேண்டும். எதையும் சொல்லாமல் நிக்காஹ் முடித்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?