நகராட்சிக் கணக்கு நகருக்குத் தெரியட்டும்

பிப்ரவரி முதல் தேதி மத்திய நிதியமைச்சர் மக்களவையில் பட்ஜெட் தாக்கல் செய்யும்போது, நாட்டின் கவனம் முழுவதும் தில்லியின் பக்கம் திரும்புகிறது. வருமான வரியில் எவ்வளவு மிச்சம், எந்தப் பொருளின் விலை ஏறும் என்பது கடைத்தெரு வரை விவாதிக்கப்படுகிறது. ஆனால், குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும் நகராட்சியின் பட்ஜெட் என்று நிறைவேறியது, அதில் தங்கள் வார்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், சிறு நகரங்களில் பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே.

இதற்கு மக்களின் அக்கறையின்மையை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. கேள்வி கேட்பதற்கான இடத்தை அரசியல் சட்டமே அவர்களுக்கு உறுதி செய்யவில்லை.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி வழங்கும் முயற்சி 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் தோல்வி அடைந்தது. பின்னர், 1992 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறிய 74-வது திருத்தம், 1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல், மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், மாநில நிதி ஆணையம் எனப் பல நன்மைகள் அதனால் விளைந்தன. உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் 12-வது அட்டவணையில் பட்டியலிடப்பட்டன. நகரத் திட்டமிடல் அவற்றில் முதலாவதாக இடம்பெற்றது.

ஆனால், அத்திருத்தத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. அதே காலத்தில் நிறைவேறிய 73-வது திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் அளித்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நகரங்களுக்கோ, மூன்று லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை இருந்தால் மட்டுமே வார்டு குழு கட்டாயம் என்று 74-வது திருத்தம் வரையறுத்தது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சட்டபூர்வ நகரங்கள் 4,041. ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களும் நகரத் தொகுப்புகளும் 468 மட்டுமே. ஆக, பெரும்பாலான நகரங்கள் மூன்று லட்சம் என்ற எல்லையை நெருங்கக்கூட இல்லை. ஐயாயிரம் பேர் வசிக்கும் ஊராட்சியில் எழுந்து நின்று கணக்குக் கேட்க உரிமை உண்டு. அந்த ஊர் வளர்ந்து நகராகத் தரம் உயர்ந்ததும், அரசியல் சட்டம் தந்த அந்த உரிமை போய்விடுகிறது. மக்களைக் கூட்டிப் பேசுவது எளிதாக உள்ள சிறு நகரங்களிலேயே அதற்கு வழி இல்லாமற் போனது விந்தை.

பணமே இல்லாத நகராட்சியில் கூட்டம் போட்டு என்ன பயன் என்று சிலர் வாதிடலாம். நிதி நெருக்கடி உண்மைதான். 18 மாநிலங்களின் நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தணிக்கை செய்த மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அவற்றின் வருவாயில் சராசரியாக 32 சதவீதம் மட்டுமே சொந்த வருவாய் என்றும், 37 சதவீதப் பணியிடங்கள் காலியாக இருப்பதாகவும் சுட்டிக்காட்டினார். எனினும், மக்களுடன் பேசியாக வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். கட்டிய சொத்து வரி எங்கே போகிறது என்று தெரியாதவரிடம் கூடுதல் வரி கேட்கும் துணிவு எந்த நகர்மன்ற உறுப்பினருக்கும் வராது. வரி உயராவிட்டால், மாநிலத் தலைநகரை எதிர்பார்த்துக் காத்திருப்பதைத் தவிர நகராட்சிக்கு வேறு வழியில்லை.

மத்திய அரசு இதுவரை நிபந்தனைகள் விதித்துப் பார்த்தது. 2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், மக்கள் பங்கேற்புக்குத் தனிச் சட்டம் இயற்றுமாறு மாநிலங்களைக் கேட்டது. சட்டம் இயற்றியதோடு நின்றுவிட்ட மாநிலங்கள் உண்டு. 2021-26 காலத்துக்கான 15-வது நிதி ஆணையம், கணக்குகளை இணையத்தில் வெளியிட்டால்தான் மானியம் என்றது. நல்ல நிபந்தனைதான். ஆனால், கணக்குத் தலைப்புகளும் குறியீடுகளும் நிறைந்த பட்டியல் தணிக்கையாளருக்குப் பயன்படலாம். தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கும் குடும்பத் தலைவிக்குப் பயன்படாது.

மனம் இருந்தால் மார்க்கமும் உண்டு. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. அங்கு ஒரு லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளிலும் வார்டு சபை உண்டு. புணே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் பணிகளுக்கான கோரிக்கைகளைப் பெற்று பட்ஜெட்டில் சேர்த்தது. தமிழகத்தின் நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன.

ஆலப்புழையின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரம் அது. 2012-இல் குப்பைக் கிடங்கு அமைந்திருந்த சர்வோதயபுரம் மக்கள் எதிர்த்ததால், நகரின் குப்பை தெருக்களிலேயே தேங்கியது. புதிய கிடங்கு தேடுவதை விடுத்து, வீட்டிலேயே கழிவைப் பிரித்து உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றும் முறையை நகராட்சி கையிலெடுத்தது. வார்டு வார்டாக மக்களிடம் பேசாமல் அது நடந்திருக்காது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பை மேலாண்மையில் முன்னுதாரணமாகச் சுட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பட்ஜெட் வரைவுக்கு முன் ஒவ்வொரு வார்டிலும் ஒரு கூட்டம் நடத்தப்பட வேண்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, சென்ற ஆண்டு ஒப்புக்கொண்ட பணிகளில் முடிந்தவை எவை, முடியாதவை ஏன் என்பதை அந்தந்த மாநில மொழியில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ரேஷன் கடையிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

மூன்று லட்சம் என்ற வரம்பை நீக்குவது நாடாளுமன்றத்தின் கடமை. அதுவரை மாநிலங்கள் காத்திருக்கத் தேவையில்லை. கூடுதல் குழுக்களை அமைக்க அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவே சட்டப்பேரவைகளுக்கு இடமளிக்கிறது. கிராமத்தானுக்கு உள்ள உரிமை நகரவாசிக்கும் வேண்டும் என்பது சலுகை கேட்பதாகாது.