பிள்ளைகளின் படிப்பு: மருந்தாளர் தொழில்



"மகளை மக்கிலில் பாமசி படிப்பிக்க வேண்டும்" என்று பெற்றோர் சிலர் சொல்லுகிறார்கள். மக்கிலில் இன்று அந்தப் படிப்பு இல்லை. கியூபெக் மாகாணத்தில் மருந்தாளர் பட்டம் தருபவை இரண்டே இரண்டு: நமது நகரின் மொன்றியல் பல்கலைக்கழகமும், கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகமும். இரண்டிலும் போதனை பிரெஞ்சில்.

1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போக நேர்ந்ததில் மனக்குறைப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. இந்தத் தொழிலுக்கு அந்தப் பிரெஞ்சே கைகொடுக்கிறது. ஆங்கில சீஜெப்புக்கு மாறத் துடிக்கும் பிள்ளைகள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

உயர்பள்ளியிலேயே கணிதத்தையும் இரசாயனத்தையும் விட்டுவிடக் கூடாது. பிறகு சீஜெப்பில் இரண்டு வருடம் விஞ்ஞானம். அதன்பின் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம். சீஜெப்பின் முதல் தவணைப் புள்ளிகளே 'ஆர்' மதிப்பெண்ணில் சேருகின்றன. கடைசித் தவணையில் விழித்துக்கொண்டு பயனில்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

மாத்திரை எண்ணிக் கொடுப்பதுதானே என்று எண்ண வேண்டாம். ஒருவர் உட்கொள்ளும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, சிறுநீரகம் தாங்குமா என்று பார்ப்பது மருந்தாளரே. 2020 முதல் தடுப்பூசியும் போடலாம். இம்மாகாணத்தில் பாமசியின் சொந்தக்காரரும் மருந்தாளராகவே இருக்க வேண்டும். பிரெஞ்சு லேபிளை வாசிக்கத் தெரியாத அம்மம்மாமாருக்குத் தமிழில் விளக்க ஒருவர் இருந்தால் எவ்வளவு நிம்மதி!

ஊரில் மருந்தாளராக இருந்து வந்தவர்கள், மாகாண மருந்தாளர் கழகத்தில் தகுதிச் சமன்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் முதற்படி பிரெஞ்சு வகுப்புத்தான்.