கியர் உதறினால்தான் நல்ல காரா?

அமெரிக்காவில் பழைய கார்களுக்கு மவுசு அதிகம். 50, 60 வருடத்துக்கு முந்திய காரைத் துடைத்து மெருகேற்றி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார்கள்.

அப்படிக் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காரின் "ஆட்டோமாட்டிக்" கியர் பெட்டியைத் திறந்து, "ஷிப்ட் கிட்" என்ற சாமானை உள்ளே மாட்டுகிறார்கள். மாட்டினால் கியர் "டக்" என்று விழும். கார் பாயும்.

இது நல்லதா, கெட்டதா?

நல்லதுதான். ஆனால் நோய் பிடித்த கியர் பெட்டிக்கு இது மருந்து அல்ல. குடும்பத்தோடு போகிற காருக்குப் பந்தயக் காரின் கிட்டை மாட்டுவதும் சரி அல்ல. இதுதான் என் கட்சி.

நான் 30 வருடம் பஸ் ஒர்க்‌ஷாப்பில் கிளட்சும் கியருமாகக் காலம் தள்ளியவன். 2018-ம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் என் மகன் வீட்டில் 3 மாதம் தங்கினேன். அங்கே பக்கத்து வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இடது காலுக்கு வேலை இல்லை

ஆட்டோமாட்டிக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. டிரைவரின் இடது காலுக்கு வேலை இல்லை. கியர் தானாக மாறும்.

யார் மாற்றுகிறார்கள்? எண்ணெய் மாற்றுகிறது!

இரண்டு மேசை விசிறிகளை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் போடுங்கள். அதன் காற்று பட்டு, மற்றதும் மெல்லச் சுற்றும். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இதே ஏற்பாடுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். அவ்வளவுதான் வித்தியாசம்.

கியர் பெட்டியின் அடியில் "வால்வு பாடி" என்று ஒரு பாகம் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்காலை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே மடையைத் திறந்தால் இந்த வயலுக்குத் தண்ணீர் போகும். மூடினால் அடுத்த வயலுக்குப் போகும். வால்வு பாடியும் ஒரு குட்டி வாய்க்கால்தான். அதில் ஓடும் எண்ணெய் எந்தக் கிளட்சை அழுத்துகிறதோ, அதற்குரிய கியர் விழும்.

வாய்க்காலின் நடுவே துளை போட்ட தகடு ஒன்று இருக்கும். துளை சிறிதானால் எண்ணெய் மெதுவாகப் போகும். கியர் வழுக்கிக்கொண்டு மெல்ல விழும். துளை பெரிதானால் எண்ணெய் சட்டென்று பாயும். கியரும் சட்டென்று விழும்.

ஷிப்ட் கிட்டின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். அதன் விலை பெரிது அல்ல. பெட்டிக்குள் சில ஸ்பிரிங்குகள், புதிய தகடு அல்லது துளையைப் பெரிதாக்க ஒரு டிரில் பிட், கேஸ்கட்டுகள், எப்படிச் செய்வது என்று அச்சடித்த காகிதம் ஆகியவை இருக்கும்.

கம்பெனிக்காரன் முட்டாளா?

"அப்படியானால் கம்பெனியே துளையைப் பெரிதாக வைத்திருக்கலாமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

வேண்டும் என்றுதான் சிறிதாக வைத்தார்கள். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி "ஹைட்ராமாட்டிக்" என்ற ஆட்டோமாட்டிக் கியர் பெட்டியை அறிவித்தது. 1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் அது வந்தது. அதற்குக் கூடுதல் விலை 57 டாலர். இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளில் கூட அது ஓடியது. போர் முடிந்ததும், காரில் போகிற குடும்பத்துக்குக் குலுக்கல் தெரியக் கூடாது என்பதே கார்க் கம்பெனிகளின் கவலை ஆயிற்று. மடியில் குழந்தை தூங்கினால், கியர் மாறும்போது அது விழிக்கக் கூடாது!

ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. பஸ் டிரைவர் கிளட்ச் மிதியில் பாதிக் கால் வைத்தபடியே மேடு ஏறினால் என்ன ஆகும்? பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். எத்தனை டிரைவர்களோடு இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன்! ஆட்டோமாட்டிக் பெட்டியிலும் அதே கதைதான். மெதுவாக விழுகிற கியர், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வழுக்குகிறது. பாரம் இழுக்கிற வண்டியில் இது கெடுதல்.

ஆகவே, "கம்பெனி செய்ததைத் தொடவே கூடாது" என்று சொல்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. பெட்டி நல்ல நிலையில் இருந்தால், மிதமான கிட்டை மாட்டலாம். வழுக்கல் குறையும். சூடு குறையும். பிளேட்டுகள் நீடித்து உழைக்கும்.

பக்கத்து வீட்டுக் கார்

இப்போது பக்கத்து வீட்டுக்கு வருவோம்.

அது 1970-ம் வருட செவர்லே செவெல் கார். அதில் "டர்போ ஹைட்ராமாட்டிக் 350" என்ற மூன்று கியர் பெட்டி. வீட்டுக்காரருக்கு வயது 60 இருக்கும். கார் அவருடைய தகப்பனார் புதிதாக வாங்கியது. தகப்பனார் காலமாகி விட்டார். 82 வயதுத் தாயார் இருக்கிறார். ஞாயிறுதோறும் அதே காரில், அதே இடத்தில் உட்கார்ந்து அந்த அம்மாள் கோவிலுக்குப் போவார். அவருக்கு அது கார் அல்ல, புருஷன் நினைவு.

காரில் ஒரு கோளாறு. இரண்டாவது கியரில் சில சமயம் வழுக்கும். என்ஜின் கத்தும், கார் நகராது. "ஷிப்ட் கிட் போட்டால் வழுக்கல் போய்விடும்" என்று யாரோ சொன்னார்கள். அவரும் வாங்கினார். அதிலும் இருப்பதிலேயே காரமானதாக, பந்தயத்துக்கு உரியதாக வாங்கினார்!

இரண்டு நாள் வேலை. நானும் வேடிக்கை பார்த்தேன். மனிதர் சுத்தக்காரர், அதில் குற்றம் சொல்ல முடியாது. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல், நான்கு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார். அடித் தட்டின் 13 போல்ட்டுகளைக் கழற்றினார். சிவப்பு எண்ணெய் கொட்டியது. வால்வு பாடியை இறக்கும்போது சின்ன எஃகுக் குண்டுகள் உருண்டு விழும் என்று, கீழே தட்டு வைத்திருந்தார். திரும்ப மாட்டும்போது அந்தக் குண்டுகள் விழாமல் இருக்க, வாஸ்லின் தடவினார். கிரீஸ் தடவக் கூடாதாம். வாஸ்லின் என்றால் எண்ணெயில் கரைந்து போகும். பஞ்சு, நூல் துணி எதையும் கிட்டே விடவில்லை. ஒரு நூல் இழை உள்ளே போனால் வால்வு சிக்கிக்கொள்ளும்.

தகட்டில் துளையைப் பெரிதாக்கினார். புது எண்ணெய் ஊற்றினார். கார் புறப்பட்டது.

என்ன வேகம்! கியர் விழும்போது டயர் "கீச்" என்றது. தெருப் பையன்கள் கை தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாயார் ஏறினார். ஒவ்வொரு கியர் மாறும்போதும் அந்த அம்மாளின் தலை முன்னும் பின்னும் ஆடியது. திரும்பி வந்து இறங்கியதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பா ஓட்டும்போது இப்படி இல்லையே" என்றார். மகன் முகம் சுருங்கி விட்டது.

புகை சொன்ன சேதி

மூன்றாவது வாரம், ஒரு மேட்டில் கார் மறுபடி வழுக்கியது. இந்தத் தடவை கருகல் வாடை வந்தது. பிளேட்டுகள் தீய்ந்து விட்டன.

பெட்டியைச் சரி செய்ய வந்த மெக்கானிக் வயதானவர். முதலில் காரை ஓட்டச் சொன்னார். பின்னால் நின்று புகைக் குழாயைப் பார்த்தார். வெள்ளைப் புகை! பிறகு கியர் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு ரப்பர் குழாயை உருவினார். அதிலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டியது.

விஷயம் இதுதான். அந்த இடத்தில் "மாடுலேட்டர்" என்று ஒரு சிறு டப்பா இருக்கிறது. என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று கியர் பெட்டிக்குச் சொல்கிற தூதன் அது. அதற்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிந்து விட்டது. கிழிசல் வழியாக, கியர் பெட்டியின் எண்ணெயை என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தது! தரையில் ஒரு சொட்டுக் கூட இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணெய் குறைந்தது, கியர் வழுக்கியது.

அப்படியானால் கிட் போட்டதும் கார் பாய்ந்தது எப்படி? கியர் "டக்" என்று விழுந்தது கிட்டின் வேலை. ஆனால் வழுக்கல் நின்றது, புது எண்ணெய் நிறைய ஊற்றியதால்! இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் வாங்கியது கிட்.

மாடுலேட்டரை மாற்ற ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும். விலையும் குறைவு. அதைப் பார்க்காமல் விட்டதால், பெட்டி முழுவதையும் பிரித்துக் கட்ட ஆயிரக்கணக்கான டாலர் ஆயிற்று. நானும் 30 வருட அனுபவத்தைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நின்றேன். எனக்கும் தோன்றவில்லையே! அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் கிட் வாங்கும் முன் எண்ணெயைப் பார்க்கட்டும். இந்த வகைக் காரில் என்ஜின் சூடாக ஓடும்போது, கியரைப் "பார்க்"கில் வைத்து அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் சிவப்பாக இருக்கிறதா, கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறதா? குறைகிறது என்றால் எங்கே போகிறது? ரப்பர்க் குழாயில் எண்ணெய் இருக்கிறதா? இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். பெட்டி கருகியிருந்தால் கிட்டை மறந்து விடலாம்.

இன்னொன்று. பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. எனவே பழைய தகட்டில் டிரில் வைக்கவே கூடாது. வேறு தகடு வாங்கி, அதில்தான் துளை போட வேண்டும். கடுமையான கிட் போட்டால், ஒவ்வொரு உதறலும் பின் அச்சு வரைக்கும் போய் அடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் என்ன செய்தார்? பெட்டியைப் புதிதாகக் கட்டும்போது, வேறு தகடு வாங்கி, மிதமான கிட்டையே மெக்கானிக் போட்டுக் கொடுத்தார். நான் ஊருக்குப் புறப்பட்ட வாரம், தாயாரை ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நான் வாசலில் நின்று அந்த அம்மாளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கியர், இரண்டாவது கியர், மூன்றாவது கியர்... தலை ஆடவில்லை.