வார்டில் படுக்கை காலியில்லை: அதில் வீட்டுக்கும் பங்கு உண்டா?

சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டத்தில் அவசரம் என்றால், பலருக்கும் பக்கத்தில் இருப்பது தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனைதான். சிக்கலான நோய்க்குத் தெலுக் இந்தானுக்கோ கிள்ளானுக்கோ போக வேண்டும். இப்படிப்பட்ட மாவட்ட மருத்துவமனையில் ஒவ்வொரு படுக்கையும் முக்கியம்.

எந்த அனுமதியைத் தவிர்க்கலாம்?

நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்றவற்றைக் கிளினிக்கிலேயே ஒழுங்காகக் கவனித்தால், பெரும்பாலும் வார்டு வரை போகாது. நம் கவலை முதலில் நீரிழிவுதான். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அந்நோய் உள்ள 18 முதல் 29 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியவில்லை. ஆக, இது தாத்தா பாட்டி விஷயம் மட்டும் இல்லை.

காலில் சின்னப் புண். "தானா ஆறிடும்" என்று விட்டால், கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அதே புண்ணை ஆரம்பத்திலேயே அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டினால் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

வீடு திரும்ப ஏன் தாமதம்?

டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். ஆனால் பிள்ளைகள் கேஎல்லில் வேலை செய்கிறார்கள். வீட்டுக் கழிப்பறையில் சக்கர நாற்காலி நுழையாது. "ட்யூப்ல சாப்பாடு யாரு குடுக்கிறது?" என்ற பயம் வேறு. குடும்பத்தைக் குறை சொல்வது சுலபம். உண்மையில், இந்தக் கேள்விகள் கடைசி நாளில்தான் எழுகின்றன, சிக்கலே அங்கேதான். முதியவர் படுத்தே இருந்தால் தசை வலு குறையும், படுக்கைப் புண் வரும். அவசரப் பிரிவில் இன்னொருவர் அந்தப் படுக்கைக்குக் காத்திருப்பார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• வார்டில் சேர்த்த முதல் நாளே கேளுங்கள்: எப்போது வீடு திரும்பலாம், வீட்டில் என்னென்ன தேவைப்படும்?

• படுத்த படுக்கையானவர் என்றால், 'டோமிசிலியாரி' சேவை கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிளினிக் குழு வீட்டுக்கே வந்து பார்த்து, குடும்பத்தாருக்கும் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்கும்.

• எஸ்டிஆர் உதவி பெறும் 40 வயது நிரம்பிய பெற்றோருக்கு, பெக்கா பி40 திட்டத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம்.

• தொடர் மருந்துகளைத் தபாலில் பெறும் வசதி பற்றி மருந்தகத்தில் கேளுங்கள்.

டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் விளக்கக்கூடியவர் பல வீடுகளில் நீங்கள்தான். மருந்துச் சீட்டையும் அடுத்த சந்திப்புத் தேதியையும் அன்றே படித்துச் சொல்லிவிடுங்கள்.